பக்கத்து வேலியில் மாட்டிய பலூன்

வாடகைக்கு எடுத்திருந்த விடுமுறை வீட்டின் சமையலறையில் ஒரு நீலக் கோப்பு கிடந்தது. அக்கம்பக்கத்தில் என்னென்ன பார்க்கலாம், எங்கெங்கே போகலாம் என்று வீட்டுக்காரர் தன் கைப்பட எழுதி வைத்திருந்த பட்டியல். மொத்தம் இருபத்துமூன்று. நெவில் ஸ்டேப்லி வந்து இறங்கிய கையோடு அதை எடுத்து, நாள்வாரியாகப் பென்சிலால் குறித்துவிட்டார். முப்பத்தைந்து வருஷம் பஸ்களுக்கு நேர அட்டவணை போட்ட மனிதர். தான் போட்ட அட்டவணைப்படி ஒரு பஸ்ஸும் ஓடியதில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இந்தத் தடவை மட்டும் அட்டவணை பலிக்க வேண்டும் என்று அவருக்கு உள்ளூர ஒரு தவிப்பு. மனைவி ஹிலரி எட்டு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்து, இப்போதுதான் டாக்டர் வாயால் ‘இனிமேல் பயமில்லை’ என்ற வார்த்தையைக் கேட்டிருந்தாள். ஒரு நாளைக்கு ஒரு இடம் போய்வரத்தான் உடம்பில் தெம்பு. அவள் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை.

“ஏதாவது ஒரு தோட்டத்துல உக்காந்து, உன்னைத் தவிர வேற யாராவது போட்ட டீ குடிக்கணும் நெவில். அது போதும்.”

எட்டு மாதமாக நெவிலின் டீயைக் குடித்தவள் கேட்டது. நியாயம்தான்.

செவ்வாய்க்கிழமை நீராவி ரயில் பார்க்கப் போனார்கள். செவ்வாயன்று ரயில் ஓடாதாம். புதன்கிழமை அருவி. ‘அலுங்காமல் நடக்கலாம்’ என்று கோப்பில் எழுதியவருடைய பாட்டனார் மலையாடாக இருந்திருக்க வேண்டும்; பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். வியாழக்கிழமை கடற்கரையில் மழை. காருக்குள்ளேயே உட்கார்ந்து சாண்ட்விச் தின்றார்கள். கண்ணாடியெல்லாம் ஆவி. கடலைப் பார்க்கவில்லை, ஆனால் எந்தப் பக்கம் இருந்தது என்று இருவருக்கும் தெரியும். வெள்ளியும் சனியும் ஹிலரி படுக்கையை விட்டு எழவில்லை. “ஒண்ணுமில்ல, வெறும் அசதி” என்றாள். நெவில் டீ போட்டுக் கொடுத்தார். அவள் முகத்தைச் சுளிக்காமல் குடித்ததுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

திங்கள் காலை பத்து மணிக்குச் சாவியைத் திருப்பித் தர வேண்டும். கையில் மிஞ்சியது ஒரே ஒரு ஞாயிறு.

நல்லவேளை, அன்றைக்கு ஊரில் தோட்டத் திருநாள். தேவாலயக் கூரையைச் செப்பனிடுவதற்காக ஆறு வீட்டுக்காரர்கள் தங்கள் தோட்டங்களைத் திறந்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். திறந்திருக்கும் வீட்டு வாசலில் அடையாளத்துக்கு ஒரு மஞ்சள் பலூன். நான்காம் எண் தோட்டத்தில் டீயும் கேக்கும் உண்டு.

நெவில் ஆறு தோட்டங்களையும் குறித்திருந்த வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். யாரிடமும் வழி கேட்கவில்லை. வழி கேட்பதென்றால் வரைபடம் எதற்கு? சந்து திரும்பியதும் வேலியோரம் மஞ்சள் பலூன் ஆடியது. கதவும் திறந்திருந்தது.

“பாத்தியா, நேரா கொண்டுவந்து சேத்துட்டேன்” என்றார்.

உள்ளே ரப்பர் பூட்ஸ் போட்ட நெட்டையான ஒரு பெண்மணி மண்டியிட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். இவர்களைப் பார்த்ததும் எழுந்தார். எதையோ சொல்ல வாய் திறந்தார்.

நெவில் முந்திக்கொண்டார். “பிரமாதமான ரோஜாங்க! இப்படி ஒரு நிறத்தை நான் பாத்ததே இல்ல.”

வீட்டு ரோஜாவைப் புகழ்ந்தவனை வெளியே போகச் சொல்லக்கூடாதென்று அந்த நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் இதுவரை யாரும் அப்படிப் போகச் சொன்னதில்லை. திறந்த வாய் மூடிக்கொண்டது.

“நன்றி” என்றார் அந்த அம்மாள். “இந்த வருஷம் கொஞ்சம் நல்லாத்தான் பூத்திருக்கு.”

அதற்குள் ஹிலரி ஆப்பிள் மரத்தடியில் கிடந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தே விட்டாள்.

“டீ இங்கதானே தர்றாங்க?” என்றார் நெவில்.

அந்த அம்மாள் நாற்காலியைப் பார்த்தார். அதில் இருந்த ஹிலரியின் தலையில், இப்போதுதான் குட்டையாக முளைத்து வந்திருந்த முடியைப் பார்த்தார்.

“ஆமா” என்றார். “இங்கதான்.”

அவர் உள்ளே போனதும் நெவில் சுற்றுமுற்றும் பார்த்தார். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. “பாரேன், அந்தக் காலத்துத் தோட்டம் மாதிரியே ஜோடிச்சிருக்காங்க. என்ன ரசனை!”

ஹிலரியும் கொடியைப் பார்த்தாள். டீ வந்தது. கூடவே எலுமிச்சை கேக். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

“டீ மாதிரியே இருக்கு நெவில்” என்றாள். அரைக் கோப்பை முடிவதற்குள் அப்படியே தூங்கிப்போனாள். நெற்றியில் வெயில் பட்டது. முகத்தில் சுருக்கமில்லை.

அடுத்த தோட்டம் எங்கே என்று பார்க்க நெவில் சந்துக்கு வந்தார். எதிர்வீட்டு வாசலில் ‘4’ என்று பெரிதாக ஒரு பலகை. டீக்கு வரிசை. கதவில் அறுந்துபோன ஒரு நூல் மட்டும் தொங்கியது. அதில் இருந்த பலூன்தான் காற்றில் பறந்து இந்தப் பக்கத்து வேலியில் மாட்டியிருக்கிறது. பாதித் தப்பு காற்றுடையது. மீதிப் பாதிக்கு நெவிலின் காதுகள் சிவந்தன.

சமையலறைக் கதவுக்கு ஓடினார். “அம்மா... நாங்க வந்து... இது உங்க சொந்த வீடு...”

“ஆமா, முப்பது வருஷமா.”

“ஏங்க முதல்லயே சொல்லல?”

“எப்படிச் சொல்றது? நீங்கதான் ரோஜாவைப் பத்திப் பேசிட்டீங்களே.” கையை நீட்டினார். “பிரிசில்லா ஹெஸ்கெத்.”

“நெவில் ஸ்டேப்லி... இப்பவே அவளை எழுப்பிக் கூட்டிட்டுப் போயிடறேன்.”

“எழுப்பினீங்கன்னா அப்பத்தான் எனக்குக் கோபம் வரும்” என்றார் பிரிசில்லா. “அது சரி, அவங்களுக்கு யார் பதில் சொல்றது?”

வாசலில் ஒரு தம்பதி, நாயோடு. ஹிலரி டீக்கோப்பையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து உள்ளே வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர்.

“அவங்களைப் போகச் சொல்லிடட்டுமா?”

“சத்தம் போட்டா உங்க வீட்டம்மா முழிச்சுக்குவாங்க. ஆரம்பிச்சு வெச்சது நீங்க. ஏப்ரன் ஆணியில தொங்குது. கேக்கை மெல்லிசா வெட்டுங்க.”

ஊதாப்பூப் போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நெவில் தட்டு ஏந்தினார். “இது எத்தனாம் நம்பர் தோட்டம்?” என்று நாய்க்காரர் கேட்டார்.

“நாலரை” என்றார் நெவில், குரலைத் தாழ்த்தி. “கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார்.”

மற்றவர்களெல்லாம் போய்விட்ட பிறகுதான் ஹிலரி கண் விழித்தாள். ஏப்ரனைப் பார்த்தாள். நெவில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

“எனக்கு அப்பவே தெரியும்” என்றாள் அவள். “ஊரே வேடிக்கை பாக்க வர்ற நாள்ல எவளாவது உள்பாவாடையைக் கொடியில காயப்போடுவாளா?”

“அடிப்பாவி! தெரிஞ்சுமா சொல்லல?”

“சொன்னா நீ எந்திரிக்கச் சொல்லுவே. நாற்காலி அவ்வளவு சுகமா இருந்தது.”

நெவில் கோப்பைகளை உள்ளே கொண்டுபோனார். பஸ் ஓட்டுநருக்கும், கதவைப் பிடித்துக்கொண்டவருக்கும், காலை மிதித்தவருக்கும்கூட நன்றி சொல்லிப் பழகிய வாய் அது. இப்போது அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. பிரிசில்லா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. துடைக்கிற துணியை எடுத்து வீசினார்.

“துடைங்க.”

துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“அந்தத் தட்டு காஞ்சு பத்து நிமிஷமாச்சு மிஸ்டர் ஸ்டேப்லி.”

“தெரியுங்க.”

“அப்ப சரி” என்று அடுத்த தட்டைக் கழுவப் போனார் அவர்.

தோட்டத்திலிருந்து குரல் வந்தது. “நெவில்! அந்த கேக்ல இன்னொரு துண்டு இருக்குமா?”

எட்டு மாதத்தில் ஹிலரி எதையும் இரண்டாம் முறை கேட்டதில்லை. நெவில் கேக் டப்பாவைப் பார்த்தார். நாய்க்காரர் துடைத்து வழித்துவிட்டுப் போயிருந்தார். பிரிசில்லா அலமாரியைத் திறந்து, ராத்திரிக்கென்று தனக்காக ஒதுக்கி வைத்திருந்த துண்டை எடுத்துத் தட்டில் வைத்தார்.

நெவில் அதை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்துத் தோட்டத்துக்குள் இறங்கினார்.