இரண்டு கண்ணையும் மூடினால்

ஃபிட்டர் தன் மனைவியோடு பேசுவதை நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது. சண்டை ஒன்றும் இல்லை. "சாப்பாடு ஆச்சா", "தண்ணி வந்துச்சா", "கதவைத் தாழ் போட்டியா" என்ற அளவில் வீட்டில் பேச்சு நடந்துகொண்டுதான் இருந்தது. சாவகாசமாக உட்கார்ந்து பேசுவது என்று ஒன்று உண்டல்லவா, அது நின்றுபோயிருந்தது. அதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் காரணம் விளங்க வேண்டுமானால், அவர் தறி பழுதுபார்க்கும் ஃபிட்டராகவும் அவள் நெசவாளியாகவும் வேலை பார்த்த நெசவுக்கூடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரே கூரையின் கீழ் நூற்று இருபது தறிகள். நூலை இழுத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் ஓடி மோதுகிற நாடாக்களின் சத்தத்தில், பக்கத்தில் நிற்பவர் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் எச்சில்தான் போய்ச் சேருமே தவிர சொல் போய்ச் சேராது. கைகளோ இழையில் இருக்கும். ஆகவே அங்கே எல்லோரும் கண்ணால் பேசினார்கள். இடது கண்ணை அடித்தால் குறுக்கே ஓடும் ஊடைநூல் தீர்ந்துவிட்டது. வலது கண்ணை அடித்தால் நெடுக்கே ஓடும் பாவில் இழை அறுந்துவிட்டது, ஃபிட்டரைக் கூப்பிடு. இரண்டு புருவமும் மேலே போனால் மேஸ்திரி வருகிறார். மூக்கைச் சுருக்கினால் தேநீர் வந்துவிட்டது. புதிதாக வந்த அதிகாரி ஒருவர், ஆணும் பெண்ணும் வரிசை வரிசையாக ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடிப்பதைப் பார்த்துவிட்டு, 'கூடத்தில் ஒழுக்கம் போதாது' என்று முதல் வாரமே குறிப்பு எழுதி வைத்துவிட்டார். அந்தக் கதையை ஃபிட்டர் சொல்லிக் கேட்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சைகை இருந்தது. இரண்டு கண்ணையும் சேர்த்து இறுக மூடுவது. அதற்கு ஒரே பொருள்தான்: நிறுத்து. யார் மூடினாலும், எவரைப் பார்த்து மூடினாலும், எதிரில் இருப்பவர் அந்தக் கணமே தறியை நிறுத்திவிட வேண்டும். ஏன், எதற்கு என்பதெல்லாம் பிறகு. 'முதலில் நிறுத்து, அப்புறம் கேள்.' எந்தப் பலகையிலும் எழுதப்படாத அந்தச் சட்டத்தை மீறியவர் அந்தக் கூடத்தில் கிடையாது.

அந்தச் சட்டத்தால்தான் ஃபிட்டருக்கு வலது கையில் விரல்கள் இருக்கின்றன. அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. பழுதான தறிக்குள் கையை விட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்தார். 'அவசரம்' என்று பட்டப்பெயர் வாங்கியிருந்த நெசவாளி, கீழே ஆள் இருப்பதைப் பார்க்காமல் கைப்பிடியைத் தள்ளப் போனார். எதிர்த் தறியில் நின்ற பெண் இரண்டு கண்ணையும் இறுக மூடினாள். அவசரத்தின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. மறு ஆண்டே ஃபிட்டர் அந்தப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். "கையைக் காப்பாத்தினவ கையையே பிடிச்சுட்டேன்" என்று முப்பத்துநான்கு வருடமாகச் சொல்லி வருகிறார். சொல்லும்போதெல்லாம் முதல் முறை சொல்வது போலவே சிரிப்பார்.

கூடம் அவருக்கு விரல்களைக் கொடுத்தது, காதை எடுத்துக்கொண்டது. ஓய்வு பெறும்போது கால்வாசிச் செவிதான் மிச்சம். காதுக்கு வாங்கிய கருவி அலமாரியில் தூங்கியது. "அது எல்லாச் சத்தத்தையும் சேர்த்து அள்ளிட்டு வந்து கொட்டுது. மறுபடி ஷிப்டுக்குப் போன மாதிரி இருக்கு" என்பார். அதனால் வீட்டிலும் கூடத்துப் பேச்சுதான். அவர் வாயால் சொல்வார். அவள் உதட்டாலும் கண்ணாலும் பதில் சொல்வாள்.

காலையில், கிழக்கு ஜன்னல் ஓரம், இரண்டு நாற்காலி. அவள் மடியில் முறமும் காய்கறியும். அவர் கையில் தேநீர். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவர் இரவெல்லாம் தூங்கினார் என்று சொன்னாலும் தப்பில்லை. அவசரம் தன் கல்யாணத்துக்கே ஒரு நாள் முன்னதாகப் போய் நின்ற கதை, மேஸ்திரியின் செருப்பு தறிக்கடியில் போய்த் துணியோடு துணியாக வந்த கதை, எல்லாம் வரும். அவளுக்கு எல்லாம் மனப்பாடம். ஆனாலும் சரியான இடத்தில் புருவத்தைத் தூக்குவாள், சரியான இடத்தில் மூக்கைச் சுருக்குவாள்.

ஒரு நாள் அதிகாரி கதையின் நடுவில் அவள் இரண்டு கண்ணையும் இறுக மூடினாள்.

ஃபிட்டர் நிறுத்தினார்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள், கதையை ஆரம்பிக்கும்போதே. சட்டத்தின் முதல் பாதியை அவர் ஒழுங்காகக் கடைப்பிடித்தார். 'அப்புறம் கேள்' என்ற இரண்டாம் பாதிதான் அவரால் முடியவில்லை. 'ஆமா, கேட்டுக் கேட்டுச் சலிச்சுப் போச்சு' என்று அவள் சொல்லிவிட்டால்? அவரிடம் இருந்தது அந்தக் கதைகள்தான். அவற்றைக் கேட்க உலகத்தில் இருந்ததும் அவள் ஒருத்திதான். கேட்காமல் விட்டால் ஒரு சந்தேகமாவது மிஞ்சும். கேட்டுவிட்டால் அதுவும் போய்விடும். அவர் நாற்காலியை எடுத்து வீட்டின் பின்பக்கம் போட்டுக்கொண்டார்.

அவளோ கண்ணில் மணல் விழுந்த மாதிரி இருக்கிறது என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டாள். கண்ணாடியை இரண்டு தடவை மாற்றினாள். வெயிலில் போனால் கறுப்புக் கண்ணாடி. எதற்கு மருந்து என்று அவர் ஒரு முறை கேட்டதற்கு, "ஒண்ணுமில்லைங்க, தூசி" என்றாள். மரியாதைக்குச் சொல்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். வீட்டுக்குள் அத்தனை தூசி எங்கிருந்து வரும்?

இடையில் ஒருநாள் அவளுடைய அண்ணன் வந்தார். வந்ததும் வராததுமாக ஃபிட்டரின் முகத்துக்கு நேரே வந்து, உதடு தெளிவாகத் தெரியும்படி கேட்டார்: "என்ன மாப்ள, ரேடியோவில பேட்டரி தீர்ந்துபோச்சா? சத்தத்தையே காணோம்?"

"கேக்குறதுக்கு ஆள் இல்ல மச்சான்" என்றார் ஃபிட்டர்.

அண்ணன் தங்கையின் பக்கம் திரும்பினார். அவள் கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள். "நீ என்ன, என்னைப் பார்த்தா உனக்குக் கண்ணு கூசுதா? அவ்வளவு அழகாவா இருக்கேன்? எல்லாம் டென்ஷன். பேசாம ரெண்டு நாள் எங்க வீட்டுக்கு வந்து இரு."

இரண்டு நாளும் போய் இருந்தாள். கண் கேட்கவில்லை.

விஷயத்தைப் பிடித்தவள் மகள். விடுமுறைக்கு வந்தவள், கடைக்குப் போன அம்மாவைத் தேடிக்கொண்டு தெருமுனைக்குப் போனாள். அங்கே சாலையோரத்தில், ஆள்காட்டி விரலால் நெற்றிப்பொட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். விரல் இருக்கும்வரை கண் திறந்திருந்தது. பையை மாற்றிக்கொள்ள விரலை எடுத்ததும் இமைகள் இறுகிக்கொண்டன. வண்டிகள் போகிற சாலையில் இறங்கியும் விட்டாள்.

மகள் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா! கண்ணை மூடிக்கிட்டா ரோட்டைத் தாண்டுவ?"

"நான் எங்கடி மூடினேன்? அதுவா மூடிக்குதுடி" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு நடுத்தெருவிலேயே அழுதாள். "அப்பாகிட்டச் சொல்லாத. என் மூஞ்சி கோணிக்கிறதைப் பார்க்கப் பிடிக்காமதான் அவர் பின்னாடி போய் உட்கார்ந்துட்டார்."

கண்ணைக் காட்ட என்று மட்டும் அப்பாவிடம் சொல்லி மகள் அழைத்துப் போக, மறுநாள் மூன்று பேரும் பெரிய மருத்துவமனையில் நரம்பு மருத்துவர் முன்னால் இருந்தார்கள். ஃபிட்டர் பழைய சீட்டுகளையெல்லாம் தேதி வாரியாக அடுக்கி ஒரு கோப்பில் கொண்டுவந்திருந்தார். மருத்துவர் அதை மூடி ஓரமாக வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"வெளிச்சத்துக்கு வந்தா அதிகமாகுதாம்மா?"

"ஆமாங்க டாக்டர். காலையில ஜன்னல்கிட்ட உட்கார்ந்தா ரொம்ப."

"தூங்கும்போது?"

"ஒண்ணும் இல்ல."

"எதையாவது முணுமுணுன்னு பாடினா, இல்ல முகத்தை எங்கயாவது தொட்டா, திறக்குதா?"

அவள் ஆச்சரியத்தோடு நெற்றிப்பொட்டில் விரலை வைத்துக் காட்டினாள். இமைகள் திறந்தன. மருத்துவர் தலையாட்டினார். வேகமாக மூடித் திறக்கச் சொன்னார், விளக்கைப் பார்க்கச் சொன்னார், கன்னத்தையும் வாயோரத்தையும் கவனித்தார். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் அது வேறு நோய், அங்கே நரம்பைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும், இது அதில்லை என்றார்.

"கண்ணுல கோளாறு இல்ல. இமையிலயும் இல்ல. இமையை மூடுற தசைக்கு மூளையிலிருந்து தப்பான உத்தரவு வந்துக்கிட்டே இருக்கு. இமை இறுக்கம்னு வச்சுக்குங்க. மனசுக் கோளாறு இல்லம்மா, உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. நிறைய பேருக்குக் கண்டுபிடிக்கவே வருஷக்கணக்கா ஆகுது."

ஃபிட்டர் மருத்துவரின் உதட்டசைவைப் பிடிக்கப் பார்த்தார். மருத்துவர் வேகமாகப் பேசியதால் பிடிபடவில்லை. மகள் கோப்பின் அட்டையிலேயே பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினாள்: 'அம்மா கண்ணை மூடலை. அது தானாகவே மூடிக்கொள்கிறது. இது நரம்பு நோய்.'

அவர் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு, காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில், வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி மனைவியிடம் கேட்டார்:

"அப்ப நீ என்னை நிறுத்தச் சொல்லலையா?"

மருத்துவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகளுக்கும் விளங்கவில்லை. மனைவிக்கு மட்டும் விளங்கியது. நெற்றிப்பொட்டில் விரலை வைத்து இமைகளைத் திறந்துகொண்டு கணவரைப் பார்த்தாள்.

"அட கடவுளே! இதுக்கா அஞ்சு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க?"

"ரெண்டு கண்ணையும் மூடினியே!"

"மூடினா? ஏன் மூடினேன்னு ஒரு வார்த்தை கேக்குறதுக்கென்ன? அப்புறம் கேக்கணும்னுதானே சட்டம்?"

மருத்துவர் மேசையைத் தட்டி, "சண்டையை வீட்ல போய்ப் போடுங்க, எனக்கு ஊசி போடணும்" என்றார்.

கண்ணைச் சுற்றி மெல்லிய ஊசியால் சின்னச் சின்னதாகச் சில குத்தல்கள். பொட்டுலினம் என்ற மருந்தை மிகச் சிறு அளவில் போடுகிறார்கள் என்றும், அது இறுக்குகிற தசையைத் தளர்த்தும் என்றும் மகள் எழுதினாள். 'உடனே தெரியாது. சில நாளில் தெரிய ஆரம்பிக்கும். மூன்று நான்கு மாதத்தில் வேகம் குறையும், மறுபடி போட வேண்டும். முழுசாகக் குணமாகாது, கட்டுக்குள் இருக்கும்.' ஃபிட்டருக்கு இது சட்டென்று புரிந்தது. "பிரேக் பிடிச்சுக்கிட்ட தறி. பிரேக்கைக் கழட்டிப் போட முடியாது, தளர்த்திவிட்டு ஓட்டணும். அப்பப்ப வந்து பார்க்கணும்" என்றார். மருத்துவர் அதைத் தன் தாளில் குறித்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் அவர் நாற்காலியை மறுபடி ஜன்னலோரம் கொண்டுவந்து போட்டார். அவள் இன்னும் கறுப்புக் கண்ணாடியோடு இருந்தாள். எட்டாம் நாள் அதைக் கழற்றினாள். இடது இமை ஒரு மயிரிழை தாழ்ந்திருந்தது. மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார், அது தானாகச் சரியாகும் என்று. மற்றபடி காலை வெயில் முகத்தில் விழ, இரண்டு கண்ணும் திறந்தே இருந்தன. அந்தக் கண்களை அவர் எவ்வளவு காலமாகப் பார்க்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஆரம்பிங்க" என்றன அவள் உதடுகள்.

எதில் ஆரம்பிப்பது? அவர் விரல் கதையில் ஆரம்பித்தார். தறிக்கடியில் மல்லாந்து கிடந்தது, அவசரத்தின் கை கைப்பிடிக்குப் போனது, எதிரே நின்றவள் ஒரு நொடியும் யோசிக்காமல், தெளிவாக, தைரியமாக...

அவள் இரண்டு கண்ணையும் மூடினாள். மருந்தின் தளர்ச்சியில் முன்போல் இறுக மூட வரவில்லை. கதவைச் சாத்தாமல் ஒருக்களித்து வைத்தது போல இருந்தது.

ஃபிட்டர் நிறுத்தினார். இந்த முறை கேட்டார். "இது நீயா, அதுவா?"

"நான்தான்."

"ஏன்?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். உதடு நன்றாகத் தெரியும்படி அவர் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள்.

"அந்த இடம் தப்பு. முப்பத்துநாலு வருஷமா தப்பாவே சொல்றீங்க. நான் சைகையெல்லாம் காட்டல. உங்க விரல் போகப்போகுதுன்னு தெரிஞ்சதும் பார்க்கப் பயந்துக்கிட்டுக் கண்ணை மூடிட்டேன். அவ்வளவுதான். அந்த அவசரம் அதை 'நிறுத்து'ன்னு எடுத்துக்கிட்டார். கண்ணைத் திறந்து பார்த்தா எல்லாரும் என்னைப் பாராட்டுறாங்க. நான் என்ன செய்ய, பேசாம இருந்துட்டேன்."

ஃபிட்டர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். ஐந்து விரலும் இருந்தன.

"அப்ப அன்னைக்கும் அது தானா மூடினதுதானா?"

அவள் ஆமாம் என்று புருவத்தைத் தூக்கினாள்.

அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, அவளுடைய உதட்டையே பார்த்தபடி கேட்டார்:

"சரி, வேற எதையெல்லாம் தப்பாச் சொல்லிக்கிட்டு இருக்கேன்? முதல்லேர்ந்து சொல்லு."