பதினோரு வருடம் தாமதமாக வந்த தந்தி

மாரண்டஹள்ளியில் லைன்மேன் மாயவன் வீட்டிலிருந்த முப்பத்து நான்கு பழங்காலத் தந்தி வாத்தியங்களும், மீட்டிய நாளிலிருந்து சரியாகப் பதினோரு வருடம் கழித்தே ஒலித்தன. ஒரு நிமிடம் முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். பெரும்பாலோர் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடைச் சொன்னார்கள். பல்லில் விழும் கறையிலிருந்து பையன்களுக்குப் பெண் அமையாதது வரை எல்லாவற்றுக்கும் எங்கள் ஊர் அதைத்தான் சொல்லும். தந்தி என்றால் சீக்கிரம் வர வேண்டாமா என்று தபால் ஆபீசில் ஓய்வு பெற்றவர் ஒருவர் வருத்தப்பட்டார். மற்றபடி, தக்காளி விலை ஏறுவதையும் விழுவதையும் போல இதையும் ஊர் ஏற்றுக்கொண்டது.

முதல் வாத்தியம் வந்தது 2001 ஏப்ரலில். ஆனேக்கல் பக்கத்தில் ஊர் ஊராகப் பாடிப் பிழைக்கும் ஜோகிக் குடும்பம் ஒன்றிடமிருந்து வாங்கிய, மூன்று சுரைக்குடுக்கை கட்டிய கின்னரி. ஒன்பதாம் தேதி டூட்டி முடிந்து வந்து, மாலை ஏழு மணிக்கு மாயவன் அதன் தந்தியை இழுத்தார். சத்தம் வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். அறுந்தது. பிறகு பென்னாகரத்துத் தாசரிப் பாடகர் ஒருவரின் ஒற்றைத் தந்தித் துந்தனா, சேலத்திலிருந்து விரிசல் விட்ட வீணை, பெங்களூரிலிருந்து சாரங்கி என்று முன்னறை நிரம்பியது. எதுவும் வாய் திறக்கவில்லை. மனிதர் அசரவில்லை. ஞாயிறுதோறும் ஓசூரில் ஒரு டீச்சரிடம் போய், அவருடைய ஒலிக்கிற வீணையில் கற்றுக்கொண்டு வந்து, வீட்டில் ஊமை வீணையில் ஸ்வரங்களை வாயால் பாடிக்கொண்டே விரலை நகர்த்தினார். எதை எப்போது வாசித்தார், அன்று டூட்டி எங்கே என்று டைரியிலும் எழுதினார். ஊருக்கெல்லாம் கம்பி இழுக்கிறவர் வீட்டில் கம்பி வேலை செய்யவில்லை என்று எல்லோரும் சிரித்தோம். சிரிப்பதில் எங்கள் ஊர் தாமதம் செய்வதில்லை.

அவர் மனைவி சுகுணா ஒரே ஒரு முறை, "ஏங்க, நானும் ஒருக்கா தட்டிப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டார். "இதென்ன வெளையாட்டுச் சாமானா? எரநூறு வருசத்துப் பொருளு. கரண்டுக் கம்பின்னு நெனச்சுக்க, தொடாத" என்றார் மாயவன். சுகுணா பிறகு கேட்கவில்லை. தூசி மட்டும் தட்டினார், அதுவும் துணியால், விரல் படாமல்.

2012 ஏப்ரல் ஒன்பது, மாலை ஏழு மணிக்கு, மூலையில் சும்மா கிடந்த கின்னரி ‘டொய்ங்’ என்றது. இன்னும் பலமாக ஒரு முறை என்றது. பிறகு தந்தி அறும் சத்தம் கேட்டது. தந்தி என்னவோ அறவில்லை. மாயவன் டைரியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சமையலறைக்கு ஓடினார். "சுகுணா! எல்லாத்தையும் உள்ளாற சேத்து வெச்சிருக்குதுடி! இனிமே யாரு தொட்டாலும் பதினோரு வருசத்துல காட்டிக் குடுத்துரும் பாத்துக்க!" களி கிண்டிக்கொண்டிருந்த சுகுணாவின் கை நின்றது. "அப்படிங்களா" என்றார். அன்று களி அடிப்பிடித்தது. மாயவன் அதைக் குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

மறு வருடத்திலிருந்து, சித்திரை பிறந்ததும் கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் கண்காட்சியும் கச்சேரியும் நடந்தன. டைரி இருந்ததால் எந்த வாத்தியம் எத்தனை மணிக்கு என்ன வாசிக்கும் என்று முன்கூட்டியே நோட்டீஸ் அடிக்க முடிந்தது. மேடையில் மாயவன் மோகனத்தை அழகாகவே வாசிப்பார். காதில் விழுவதோ பதினோரு வருடத்துக்கு முன் அவர் தடவிக்கொண்டிருந்த பாலபாடம். "சுருதியே சேரலீங்களே" என்று யாராவது சொன்னால், "அப்ப எனக்கு வராதுங்க. இன்னும் பதினோரு வருசம் கழிச்சு வாங்க, நல்லாருக்கும்" என்பார். மேஜை விரிப்பைத் தூக்கி ஸ்பீக்கர் தேடியவர்களும் உண்டு. தேடியவர்களில் பாதிப் பேர் எங்கள் தெரு.

2019 ஆகஸ்டில் மூன்று நாள் காய்ச்சலில் சுகுணா இறந்தார். அடுத்த வருடம் மாயவன் ஓய்வு பெற்றார்.

2022 ஜூனில் ஒரு நாள், காலை பதினொன்று இருபதுக்கு, வீணையிலிருந்து ஒற்றை ஒலி வந்தது, பால் சூடா என்று விரல் விட்டுப் பார்ப்பது போல. டைரிப்படி 2011-இல் அதே நேரம் மாயவன் வெள்ளிச்சந்தையில் கம்பத்தின் மேல் இருந்தார். வீட்டில் இருந்தது ஒரே ஆள். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது. மூன்றாம் வாரம் ஏழு ஸ்வரங்கள் அடுத்தடுத்து ஒலித்தபோது மாயவன் எழுந்து போய் ரோட்டைப் பார்த்தார். ரோட்டில் ஒன்றும் இல்லை; பாலக்கோட்டிலிருந்து மாலை ஐந்தே முக்காலுக்கு வரும் தனியார் பஸ்ஸின் ஹாரன் மெட்டு அது, வீணையிலிருந்து. டூட்டி முடிந்து அவர் வந்து இறங்கும் பஸ். சத்தமே வராத வீணையில், கணவர் பாடிய ஸ்வரங்களைச் சமையலறையிலிருந்தே காதில் வாங்கி, எது எந்த இடத்தில் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு சுகுணா வாசித்திருக்கிறார். ஊமைதானே, யாரிடமும் சொல்லாது என்ற தைரியம்.

அதன்பின் பத்து மாதம் மாயவன் பதினோரு மணிக்கு மேல் வெளியே போகவில்லை. போனில் பதிவு செய்தால் ஃபேன் சத்தம் மட்டும் விழுந்தது; ஒரு முறை கேட்டது கேட்டதுதான். டைரியில் லீவு என்றிருந்த நாட்களில் ஒன்றும் வராது, அன்று அவர் வீட்டில் இருந்திருப்பார். தை மாதம் கண்டக்டர் விசில்கூட மேல் தந்தியில் வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் தையல் மெஷின் ஓட்டும் செல்லி, மெஷினை நிறுத்திவிட்டு வந்து உட்காருவார். ஆனால் 2023 ஏப்ரல் பத்து நெருங்க நெருங்க மாயவனுக்குச் சோறு இறங்கவில்லை. காட்டிக் கொடுத்துவிடும் என்று அவர் கூவியது ஒன்பதாம் தேதி மாலை. அதைக் கேட்ட பிறகும் சுகுணா தொட்டிருந்தால், அது மாயவனுக்கென்றே வாசித்தது. தொடாமலிருந்தால் அது பயம்.

ஒன்பதாம் தேதி காலை ஹாரன் விசிலோடு கேட்டது. பத்தாம் தேதி பதினொன்று இருபது வந்து போனது. பதினொன்றரையும் போனது.

"பஸ்ஸு லேட்டோ என்னமோ" என்றார் மாயவன்.

"பதினோரு வருசம் லேட்டா வர்ற பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிசம் பாத்தா என்னங்ணா" என்றார் செல்லி.

பன்னிரண்டே முக்கால் வரை பார்த்தார்கள்.

"நான் ஒரு நாளும் அவ மேல கை நீட்டுனதில்ல செல்லி."

"கை நீட்டுனாத்தானுங்களா?" என்றார் செல்லி. பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று, அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

மறுநாளும் வரவில்லை. அந்த வருடம் முழுக்க வரவில்லை. கண்காட்சியும் நடக்கவில்லை. சுகுணா இறந்தது 2019 ஆகஸ்ட் என்பதால், 2030 ஆகஸ்ட் வரை இடமிருக்கிறது என்று மாயவன் சொல்லிக்கொண்டு, தினமும் வீணைக்கு எதிரே உட்கார்ந்தார். அவருக்கு நல்லது சொல்லப் போனவர்கள் எல்லோரும் மணியைப் பார்த்துவிட்டுத் தாங்களும் உட்கார்ந்தார்கள்.

2024 சித்திரைக் கடைசியில், 2013-இல் தான் எதையும் வாசிக்காத மூன்று நாள் பார்த்து, முப்பத்து நான்கையும் மறுபடி மண்டபத்துக்கு ஏற்றினார். மேடையில் ஏறியவர் வாசிக்கவில்லை. மைக்கைப் பிடித்து, "யாரு வேணா வந்து தொடலாமுங்க. தப்பா வாசிச்சாலும் பரவால்ல. எவ்வளவு நேரம் வேணா" என்றார். செல்லி முதலில் எழுந்து போய் வீணையின் தந்தியைத் தொட்டார். பிறகு பெண்கள் வரிசையில் நின்றார்கள். தக்காளி மண்டியில் கூடை தூக்குகிறவர்கள், சத்துணவு ஆயா, கல்யாணமாகி வந்து ஒரு மாதமான மருமகள்கள். சிலர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மீட்டினார்கள். ஒருவர் சாரங்கியை விட்டு அரைமணி நேரம் நகரவில்லை. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. மூன்று நாளும் மண்டபத்தில் வளையல் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. மாயவன் டைரியை எடுக்கவில்லை. யார் எதை வாசித்தார்கள் என்பதற்குக் குறிப்பு கிடையாது.

அந்த மூன்று நாட்களுக்காக 2035 சித்திரையில் மண்டபம் இப்போதே பதிவாகிவிட்டது. கல்யாணம் வைக்க நினைப்பவர்கள் வேறு தேதி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மேனேஜர் கலைமணி வாசலில் எழுதிப் போட்டிருக்கிறார்.