இரண்டு முறை கூப்பிட்டவன்

தஞ்சாவூரில் இருக்கும் என் ஆய்வுக்கூடத்துக்கு அம்மா ஒரே ஒரு தடவைதான் வந்தாள். மஞ்சள் பையில் என் தம்பி ரெத்தினத்தின் தொடை எலும்பைக் கொண்டுவந்திருந்தாள்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கம். இடுகாட்டின் நடுவே வடிகால் வாய்க்கால் வெட்டப்போவதாகவும், அவரவர் எலும்பை எடுத்து வேறிடத்தில் புதைத்துக்கொள்ளும்படியும் தண்டோரா போட்டார்கள். பண்ணையார் வயலோரமாக வெட்டினால் யார் குடியும் முழுகியிருக்காது. ஆனால் அவர் கதர்த் துண்டை எறிந்துவிட்டுக் கரைவேட்டிக்கு மாறி வெகுநாளாயிற்று. எந்த ஆட்சி வந்தாலும் வாய்க்கால் எங்கள் பக்கம்தான் வளையும்.

ரெத்தினம் செத்தது உதயசூரியன் ஆட்சிக்கு வந்த புதிதில், அறுவடைக் கூலிப் போராட்டத்தின்போது. முள்ளியாற்றில் பிணமாகக் கரை ஒதுங்கினான். குடித்துவிட்டு விழுந்தான் என்றது போலீஸ். அவன் கள் வாடைக்கே முகம் சுளிப்பவன். பண்ணை ஆட்கள் அடித்துக் கொன்று ஆற்றில் வீசிவிட்டார்கள் என்றது சங்கம். நானும் அதைத்தான் நம்பினேன்.

அம்மாவுக்கு வேறு கேள்வி இருந்தது. அன்று இருட்டியபின் ஆற்றுப் பக்கமிருந்து "அம்மா" என்று ஒரு குரல் கேட்டிருக்கிறது. பொழுது சாய்ந்தபின் யார் கூப்பிட்டாலும் எங்கள் ஊரில் மூன்றாவது குரலுக்குத்தான் பதில் கொடுப்பார்கள். பேயால் மூன்றாவது தடவை கூப்பிட முடியாதாம். அதற்கு முன் வாய் திறந்தவர்களை இழுத்துக்கொண்டு போய்விடுமாம். அம்மா அடுப்படியில் நின்று காத்திருந்தாள். இரண்டாவது குரலும் வந்தது. மூன்றாவது வரவில்லை.

அதிலிருந்து பேச்சின் நடுவே சட்டென்று நிறுத்திவிட்டு ஆற்றுப் பக்கம் திரும்புவாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். ஊருக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன்.

நான் ஆற்றுப் பாசிகளின் செல்களைப் படிப்பவள். டயாட்டம் என்று ஒரு பாசி உண்டு. ஒரே செல்தான், அதற்குக் கண்ணாடி ஓடு. தண்ணீரில் மூழ்கித் தவிக்கிறவனின் நுரையீரல் வழியாக அது ரத்தத்தில் ஏறி எலும்பு மஜ்ஜைவரை போய்விடும். உயிர் போனபின் வீசப்பட்ட உடம்பில் அப்படி ஏறாது. ஒரு பொங்கல் லீவில் இதை அம்மாவிடம் உளறித் தொலைத்தேன். அவள் மறக்கவில்லை.

"தண்ணியில அவன் உசுரோட இருந்தானா, செத்தப்புறம் போட்டானுவளா? பாத்துச் சொல்லு வேம்பு."

"மண்ணுல கெடந்த எலும்பும்மா. சரியா வராது."

"ஊரு ஒலகத்துக்கெல்லாம் பாக்குற. எனக்குப் பாக்க மாட்டியா?"

எலும்பில் எங்கும் விரிசல் இல்லை, வெளி மண் உள்ளே போயிருக்க வழியில்லை. வெளியே நன்றாகக் கழுவி, அறுத்து, உள்ளே இருந்ததைச் சுரண்டி அமிலத்தில் காய்ச்சினேன். தம்பி என்று நினைத்தால் கை ஓடாது. அதனால் நினைக்கவில்லை. அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைக்ரோஸ்கோப்பைத் திருகியதும் தெரிந்தன. சின்னச் சின்னப் படகுகள் மாதிரி, மெல்லிய கோடுகளுடன், நிறைய. எலும்பில் ஒட்டியிருந்த இடுகாட்டு மண்ணையும் எடுத்துப் பார்த்தேன். மண்ணிலிருந்து வந்ததாக இருக்கட்டும் என்று வேண்டாத தெய்வம் இல்லை. மண்ணில் அவை இல்லை. ஓடுகிற ஆற்றில் வாழும் வகை அது. அதே வகையை முள்ளியாற்றில் சேகரித்துத்தான் நான் டாக்டர் பட்டம் வாங்கினேன்.

"இருக்கா?" என்றாள் அம்மா.

கண்ணால் பார்த்ததை மாற்றி நான் ஒரு வரி எழுதியதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

"இல்லம்மா. ஆத்துல போடுறதுக்கு முன்னாடியே உசுரு போயிருக்கு."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப கூப்புட்டது எம்புள்ள இல்ல. பேய்தான்." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிள்ளையை அடித்தே கொன்றுவிட்டார்கள் என்று கேட்டுவிட்டு ஒரு தாய் சிரிக்கிறாள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"நானும் பாக்குறேன்" என்று எழுந்து வந்தாள். ஸ்லைடை எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அதற்குள் குனிந்து கண்ணை வைத்துவிட்டாள்.

"என்னாடி இது, கண்ணாடியாட்டம் மின்னுது?"

"எலும்புக்குள்ள இருக்கறதும்மா."

"எம்புள்ள எலும்புலயா?"

"ஆமாம்மா."

அவள் கண்ணை எடுக்கவே இல்லை. மூன்றாவது தடவை கூப்பிட அவன் வாயைத் திறந்தபோது உள்ளே போனவற்றைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு அழகா இருக்கான் பாரு எம்புள்ள" என்றாள்.