கென்சாகு மூழ்கிய ஆறாம் பாகம்

மாங்கா என்பது ஜப்பானியப் படக்கதை. அதை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் படிக்க வேண்டும். நமக்குக் கடைசி அட்டை எதுவோ அதுதான் அதற்கு முதல் அட்டை. இதை மராத்தி ஊரான வாகட்டில் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேனுக்குக்கூட விளக்கியிருக்கிறேன். அவர் என்னிடம் கேட்டதென்னவோ, தண்ணீர் லாரி வந்ததா என்றுதான்.

2007இல் நான் பக்கத்து ஹிஞ்சவடி ஐ.டி. பூங்காவில் புரோகிராமர். ஜப்பானில் இந்தக் கதைகள் வாரம் ஓர் அத்தியாயமாகப் பத்திரிகையில் வரும். சில அத்தியாயங்கள் சேர்ந்ததும் ஒரு பாகமாகப் புத்தகம் போடுவார்கள். ரசிகர்கள் அத்தியாயங்களை அவ்வப்போது ஆங்கிலமாக்கி இணையத்தில் ஏற்றுவார்கள். நான் அங்கே படிக்கிற வகை. என்னுடன் வேலை பார்த்த கிருஷ்ணப்ரியா அச்சுப் புத்தகம்தான் படிப்பாள். சிங்கப்பூரிலிருந்து அவள் அண்ணன் கொண்டுவருவான். அதனால் நான் எப்போதும் கதையில் அவளுக்கு வெகுதூரம் முன்னால் இருப்பேன். கம்பெனி பஸ்ஸில் பேசும்போது, அவள் இன்னும் படிக்காத எதையாவது உளறிவிட்டால்? அதற்காகவே ஒரு எக்செல் தாள் வைத்திருந்தேன். எந்தப் பாகத்தில் எந்த அத்தியாயம் வரை இருக்கிறது என்று அதில் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

"எதுவரைக்கும் படிச்சேன்னு அந்தப் புள்ளகிட்டயே கேட்டா முடிஞ்சுது. இதுக்கு ஒரு எக்செல்லா?" என்பான் என் அறைத்தோழன் ரஃபீக். தானியங்கி முறையின் அருமை அவனுக்குத் தெரியாது.

நானும் கிருஷ்ணப்ரியாவும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்திருந்தோம். பாக்கி இருந்தது அவள் அப்பா கோவிந்தராஜன் மட்டும். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"அப்பா வேணாம்னா நான் சண்டையெல்லாம் போட மாட்டேன் விச்சு, சொல்லிட்டேன்" என்றாள். "ஆனா ஒரு ஐடியா இருக்கு. என் புக்ஸ் எல்லாம் இப்ப அவர்தான் படிக்கிறார். படகுக்காரன் கதையில அஞ்சு பாகம் முடிச்சாச்சு. அதைப் பத்திப் பேசு, ஏக்தம் குஷி ஆயிடுவார்."

வருங்கால மாமனாருக்குக் கையால் தேடிப் பார்ப்பது மரியாதையாக இருக்காது என்று தோன்றியது. அவருக்காகவே ஒரு மேக்ரோ, அதாவது எக்செல்லுக்குள் ஓடும் குட்டி புரோகிராம், எழுதினேன். ஐந்து என்று தட்டினால், எந்த அத்தியாயம் வரை பேசலாம் என்று அதுவே சொல்லும். சொன்னது. மனப்பாடம் செய்துகொண்டு கட்கியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

டீயும் பிஸ்கட்டும் வந்தன. சொந்த ஊர் கோயம்புத்தூர் என்றேன். கோவிந்தராஜன் டீயை எடுத்தார். நான் ஆரம்பித்தேன்.

"அங்கிள், புயல்ல கென்சாகு மூழ்கிப் போற இடத்துல, ஒரு பக்கம் முழுக்க வெறும் கடலை மட்டும் வரைஞ்சிருப்பாங்க பாருங்க..."

கோவிந்தராஜனின் டீ பாதி வழியில் நின்றது.

"கென்சாகு மூழ்கிட்டானா?"

கென்சாகுதான் கதாநாயகன், அந்தப் படகுக்காரன்.

"அது ஆறாவது பாகம்டா" என்றாள் கிருஷ்ணப்ரியா, மெல்ல.

"ஆறாவதை நான் இன்னும் தொடவே இல்லப்பா! படிச்சா தீந்துடுமேன்னு பத்திரமா வச்சிருக்கேன்." கோவிந்தராஜன் மகள் பக்கம் திரும்பினார். "அரே பாபா, வீட்டுக்கு வந்து டீகூட முடிக்கல, ஆளைக் கொன்னுட்டான்!"

வேறு யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். நான் விளக்கினேன். கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து எண்ணாது, பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும். பிஸ்கட்டுகளை வரிசையாக அடுக்கிக் காட்டினேன்.

"இது சைபர், இது ஒண்ணு, இது ரெண்டு... பாருங்க அங்கிள், அஞ்சுன்னு வரும்போது கையில ஆறு பிஸ்கட் இருக்கு. நான் அஞ்சுன்னு தட்டினதை என் புரோகிராம் ஆறாவது பாகம்னு எடுத்துக்கிச்சு. லாஜிக் கரெக்ட்தான்."

அவர் பிஸ்கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஃபேக்டரியில நாங்க இப்படி எண்ணியிருந்தா இன்னிக்குக் கட்கியே இருந்திருக்காது. நாளைக்குக் கொழந்த பொறந்தா மொத கொழந்தைய கணக்குல சேப்பியா, மாட்டியா?"

வாசல்வரை வந்த கிருஷ்ணப்ரியாவின் முகம் நன்றாக இல்லை. "யோசிக்கிறேங்கிறார். அவர் அப்படிச் சொன்னா நஹீன்னுதான் அர்த்தம். ஆனா அடுத்த ஞாயிறு உன்னை வரச் சொல்றார். அந்த இடத்தை உன் எதிர்ல உக்காந்து படிக்கணுமாம். கடைசி சான்ஸ் விச்சு. வாயைத் திறக்காதே."

திறப்பதாக எனக்கும் உத்தேசமில்லை. ஆனால் அந்த வாரம் இணையத்தில் புது அத்தியாயம் வந்தது. இத்தனை அத்தியாயமாகச் செத்துவிட்டதாக எல்லோரும் நம்பிய கென்சாகு சாகவில்லை. வேறு ஊர் மீனவர்கள் கயிறு வீசி அவனைக் காப்பாற்றியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோவிந்தராஜன் நாற்காலியில் சாய்ந்து ஆறாம் பாகத்தைப் பிரித்தார். எனக்கு ஒரு தட்டில் பாகர்வடி என்ற காரமான சுருள் பலகாரம் நாலு வைத்திருந்தார்கள். நான் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். வெறும் கடல் வரும் பக்கம் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நெஜமாவே போயிட்டானாப்பா?"

இங்கே ஒன்று விளக்க வேண்டும். வலமிருந்து இடமாகப் படித்தால், பக்கத்தின் இடது கீழ்மூலையைத்தான் கண் கடைசியாகப் பார்க்கும். அலைக்கு நடுவே ஒரு கயிற்று நுனியை ஓவியர் அங்கேதான் ஒளித்து வைத்திருந்தார். என்ன ஒரு வேலைப்பாடு! கோவிந்தராஜனின் கட்டைவிரல் அதன்மேலேயே இருந்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனிதரின் துக்கம் தீர்ந்துவிடும், எனக்கும் விளக்கிய திருப்தி. வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது.

ஒரு முழு பாகர்வடியை வாய்க்குள் தள்ளினேன். அது போதவில்லை. இன்னொன்றையும் தள்ளினேன்.

"சொல்லுப்பா."

வாயைக் காட்டித் தலையை ஆட்டினேன். மூன்றாவதும் உள்ளே போனது. காரம் மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

கோவிந்தராஜன் என்னையே உற்றுப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடினார். "அழுவுறான் பாரு. அன்னிக்கு என்னமோ கொலகாரன் மாதிரி வந்து சொன்னான். உள்ளுக்குள்ள இவ்ளோ இருந்திருக்கு." மகளிடம் சொன்னார்: "இவங்க அப்பா நம்பர் வாங்கி வை. நான் பேசறேன்."

கிருஷ்ணப்ரியா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். என் முகத்தைப் படிக்க அவளுக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் முடியும். குனிந்து காதோரம் கேட்டாள்: "டேய், அவன் உயிரோட இருக்கானா?"

நான் தட்டிலிருந்த கடைசி பாகர்வடியை எடுத்தேன்.