கோபக் கோடு

ஞாயிற்றுக்கிழமை மதியச் சோறு வேகும் முன்பே மாதேஸ்வரன் அறுநூறு பேரை வெட்டிச் சாய்த்திருந்தான். எண்ணிக்கை டிவியின் மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. அதே நேரம் அடுப்படியில் கேஸ் தீர்ந்துபோய், அவன் மனைவி அருணா அடுத்த சிலிண்டரைக் கடகடவென்று உருட்டி வந்து தானே மாட்டிக்கொண்டிருந்தாள். உதவிக்குக் கூப்பிட்டதற்கு, "இரு, சுத்தி வளைச்சிட்டானுங்க" என்று பதில் வந்தது. அறுநூறு பேரை வெட்டிய அந்த வீரனுக்கு ரெகுலேட்டரைத் தொடப் பயம். கல்யாணமான முதல் மாதமே அவளுக்கு அது தெரிந்துபோயிற்று.

டிவியில் இருந்தவனுக்குத்தான் எதற்கும் பயமில்லை. ஜப்பான் கார்ட்டூன்காரர்கள் வரைந்த ஆள். முகத்தில் பாதி கண், மூக்கு எங்கே என்று தேட வேண்டும். கையில் அவனைவிட நீளமாக ஒரு வாள். சதுரப் பொத்தானை அமுக்கினால் சின்ன வெட்டு, முக்கோணத்தை அமுக்கினால் பெரிய வெட்டு. சதுரம், சதுரம், முக்கோணம் என்று விடாமல் அமுக்கினால் எகிறிக் குதித்து ஒரே வீச்சில் நாலைந்து பேரைச் சாய்ப்பான். இதைக் கற்றுக்கொள்ள மாதேஸ்வரன் பட்ட பாட்டில் பாதி பட்டிருந்தால், ஐ.டி.ஐ.யில் விட்டுப்போன பரீட்சையை எழுதித் தொலைத்திருக்கலாம்.

வீடியோ கேம் பெட்டியும் டிஸ்க்கும் பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கியவை. மெனு முழுக்க ஜப்பான் எழுத்து. எது என்னவென்று அமுக்கி அமுக்கியே கண்டுபிடித்தான். மேலே இருப்பது கதை ஆட்டம், கோட்டை கோட்டையாகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். நடுவில் இருப்பதில் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், சாகும்வரை வெட்ட வேண்டும். கீழே இருப்பது ரெண்டு பேர் சேர்ந்து ஆடுவது. இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி அவன் பெருமை அடித்துக்கொண்டதைக் கேட்டால், ஜப்பான் பாஷையையே கரைத்துக் குடித்தவன் என்று நினைக்கத் தோன்றும். வீட்டுக்காரம்மா வெங்கடம்மாள் ஒருநாள் வாள் சத்தம் கேட்டு, புருஷனும் பெண்டாட்டியும் பாத்திரத்தை வீசி அடித்துக்கொள்கிறார்கள் என்று ஓடி வந்தாள். அருணா தெலுங்கில் விளக்கம் சொல்லி அனுப்புவதற்குள் அவமானமாகப் போய்விட்டது. அப்படி அடித்துக்கொண்டால்கூடத் தேவலை என்றுதான் அவளுக்கு இருந்தது. அதற்கும் எதிரில் ஓர் ஆள் வேண்டுமே.

இருவருக்கும் சிப்காட்டில் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரே கம்பெனியில் வேலை. அவள் பேக்கிங்கில் நிரந்தரம். அவன் மோல்டிங் மிஷினில் நாலு வருஷமாக ட்ரெய்னி. அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. காலை ஷிப்ட் தொடங்கும் முன் எல்லோரும் வரிசையில் நிற்க, தப்புச் செய்தவன் முன்னால் வந்து, "இது என் தவறு, இனி நடக்காது" என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னதும் மற்றவர்கள் கை தட்ட வேண்டும். நேர்மையைப் பாராட்டுகிறார்களாம். ஜப்பானிலிருந்து வந்த முறை என்று சூப்பர்வைசர்கள் பீற்றிக்கொள்வார்கள். ஜப்பான்காரன் கேட்டால் நாண்டுகொள்வான். ட்ரெய்னியாக இருப்பவன் மூன்று தடவை அப்படி நின்றால் கழுத்து அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மாதேஸ்வரன் ரெண்டு தடவை நின்றாகிவிட்டது. ரெண்டு தடவையும் தப்பு சூப்பர்வைசர் வெள்ளைச்சாமியுடையது. திங்கட்கிழமை மூன்றாவது.

சனிக்கிழமை நடந்தது இதுதான். மிஷினில் அச்சு மாற்றினால், முதலில் விழும் துண்டை அளந்து பார்த்த பிறகே மேற்கொண்டு ஓட்ட வேண்டும். வெள்ளைச்சாமிக்கு அவசரம். "அளக்குறதெல்லாம் அப்பறம் பாப்போம்ப்பா, நீ ஓட்டு" என்றார். பக்கத்திலேயே அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்த அருணா இதைக் காதாரக் கேட்டாள். மாதேஸ்வரன் ஓட்டினான். ஒரு ஷிப்ட் முழுக்க அடித்தது மொத்தமும் கழிசல். சாயங்காலம் வெள்ளைச்சாமி அவன் தோளில் கைபோட்டு, "திங்கக்கெழம முன்னால வந்து சொல்லிரு, என்ன?" என்றார். இவனும் தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

"என்னா சொல்லப் போறீங்க நாளைக்கு?" என்று ஞாயிறு மதியம் சோற்றைப் போட்டுக்கொண்டே அருணா கேட்டாள்.

"பாக்கலாம்."

"பாக்குறதுக்கு என்னா இருக்குது? நீங்கதான சார் ஓட்டச் சொன்னீங்கன்னு நாலு பேர் முன்னால கேளுங்க. நான் சாட்சி சொல்றேன்."

"அதுக்கெல்லாம் நேரம் வரணும் அருணா. எடுத்த எடுப்புல பேசக் கூடாது."

நாலு வருஷமாக இவனுக்கு வராத நேரம் எந்த பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. தட்டை நங்கென்று வைத்துவிட்டு டிவியைப் பார்த்தாள். வீரனின் உயிரைக் காட்டும் பச்சைக் கோட்டுக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு நிறைந்துபோய் மின்னிக்கொண்டே இருந்தது. பார்க்கும்போதெல்லாம் அது மின்னத்தான் செய்கிறது.

"அது எதுக்கு அப்பிடி மின்னுது?"

விளையாட்டைப் பற்றிக் கேட்டதும் அவனுக்கு முகமெல்லாம் பல். "அது கோபக் கோடு. நாம அடி வாங்க வாங்க ஏறும். ரொம்பிடுச்சுன்னா இந்த ரெண்டையும் சேத்து அமுக்கணும். முடியெல்லாம் வெள்ளையாயிடும், ஒரே வீச்சு, சுத்தி இருக்கிறவன் ஒருத்தன் மிஞ்ச மாட்டான்."

"அப்பறம் ஏன் அமுக்காம இருக்கீங்க?"

"கடைசில பெரியவன் வருவான். அவனுக்குன்னு வெச்சிகினு இருக்கேன்."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஈட்டிக்காரன் ஒருவன், பெரியவனுக்குப் பத்துப் படி கீழே இருக்கும் ஒரு கூலிக்காரன், முதுகில் குத்தினான். பச்சைக் கோடு தீர்ந்து வீரன் மண்டியிட்டுச் சாய்ந்தான். சிவப்புக் கோடு அப்போதும் நிறைந்து மின்னிக்கொண்டிருந்தது.

"சேத்து வெச்சதெல்லாம்?" என்றாள் அருணா.

"போச்சு. அடுத்த ஆட்டம் மொதல்லருந்துதான் ஏறணும்."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புருஷன் பயந்தவன் என்பது பழைய சங்கதி. பயத்துக்குப் பொறுமை என்று பெயர் வைத்துச் சீராட்டுகிறானே, அதைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை.

அடுத்த கோட்டைக் கதவைத் தனியாக உடைக்க முடியவில்லை என்று சாயங்காலம் அவளையே துணைக்குக் கூப்பிட்டான். கீழ் வரியைத் தட்டி ரெண்டு பேர் ஆட்டம் போட்டான். அவளுக்கு ஒரு பெண் வேஷம், கையில் ரெண்டு கத்தி. "நீ ஒண்ணும் பண்ண வேணாம், என் பின்னாலயே வா" என்று உத்தரவு வேறு. கொஞ்ச நேரத்தில் அவள் ஒன்றைக் கவனித்தாள். பச்சைக் கோடு ஆளுக்கு ஒன்று இருந்தது. சிவப்புக் கோடு மட்டும் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றே. அடியெல்லாம் அவன் வாங்கினான், கோடு பொதுவில் ஏறியது. நிறைந்து மின்னியதும் அவள் ரெண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கினாள். அவளுடைய ஆளின் முடி வெளுத்தது, கத்தி சுழன்றது, கதவோடு சேர்த்துக் காவல்காரர்கள் அத்தனை பேரும் பறந்தார்கள். கோட்டை திறந்துகொண்டது.

"ஐயோ, எதுக்கு அமுக்கின? பெரியவன் வரவே இல்லியே!" என்று மாதேஸ்வரன் தலையில் கை வைத்துக்கொண்டான். எதிரில் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. அது அவன் கண்ணில் படவில்லை.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல் வரிசையில் நின்றார்கள். அன்றைக்கு மேனேஜர் மோகன்குமாரும் வந்திருந்தார். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, யாரையும் இன்னும் சரியாகத் தெரியாது. வெள்ளைச்சாமி பெயரைக் கூப்பிட்டதும் மாதேஸ்வரன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போனான், ஏதோ பரிசு வாங்கப் போகிறவன் போல. பேக்கிங் வரிசையில் நின்ற அருணாவுக்கு அவன் பிடரி தெரிந்தது. காதுமடல் ரெண்டும் சிவந்திருந்தன. இன்றைக்காவது கேட்டுவிடுவான் என்று ஒரு கணம் நம்பித் தொலைத்தாள்.

"இது என் தவறு. இனி நடக்காது" என்றான் மாதேஸ்வரன். குரல் மட்டும் கணீரென்று வந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். வெள்ளைச்சாமி கொஞ்சம் அதிகமாகவே தட்டினார். அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் அருணா வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"அவரு தப்பு இல்ல சார். மொதத் துண்டை அளக்க வேணாம், ஓட்டுன்னு சூப்பர்வைசர் சார்தான் சொன்னாரு. நான் பக்கத்துல நின்னுகினு இருந்தேன். இதுக்கு முன்னால ரெண்டு தடவையும் இப்பிடித்தான். அவரு மேல போட்டுட்டு இவரு கை தட்டிக்கிட்டு நிக்கிறாரு."

கை தட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளைச்சாமியின் முகம் செத்துப்போயிற்று. அப்புறம், "புருசனே ஒத்துக்கிட்டான், இந்தம்மா எதுக்கு சார் குதிக்குது?" என்றார். அதில் பழைய மிடுக்கு இல்லை.

மேனேஜர் அவரைப் பார்க்கவில்லை. நேராக மாதேஸ்வரனிடம் வந்தார். "உங்க ஒய்ஃப் சொல்றது உண்மையா? பயப்படாம சொல்லுங்க. உண்மைன்னா நான் விசாரிக்கிறேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதற்கு வாள் வேண்டாம், எகிறிக் குதிக்க வேண்டாம். கதவை அவள் உடைத்துப் போட்டாயிற்று, இவன் உள்ளே நடந்து போனால் போதும்.

மாதேஸ்வரன் மேனேஜரைப் பார்த்தான், வெள்ளைச்சாமியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"அவளுக்கு மிஷின் விசயம் ஒண்ணும் தெரியாதுங்க சார். நானாத்தான் ஓட்டினேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஆமாங்க சார். நானாத்தான்."

வெள்ளைச்சாமி மறுபடி கை தட்ட ஆரம்பித்தார். வழக்கம் வழக்கம்தானே, மற்றவர்களும் தட்டினார்கள். மேனேஜர் தட்டவில்லை, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போய்விட்டார். மாதேஸ்வரன் கழுத்து அட்டையைக் கழற்றி, கயிறு சிக்கிக்கொள்ளாதபடி அழகாகச் சுற்றி, வெள்ளைச்சாமி கையில் கொடுத்தான். கயிற்றைச் சுற்றிய அந்தப் பணிவைப் பார்க்கச் சகிக்காமல் அருணா பேக்கிங் பக்கம் திரும்பி நடந்தாள்.

அவளுடைய வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை, நிரந்தரம் என்பதால் தொட முடியாது. புருஷனே பொய்யாக்கிய பெண்டாட்டி என்று அன்று முழுக்க பேக்கிங்கில் மற்ற பெண்கள் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கம்பெனி பஸ்ஸிலும் அவள் பக்கத்து இடம் காலியாகவே வந்தது.

வீட்டுக்கு வந்தால், அவன் டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். முன்பே ரெண்டு பேர் ஆட்டம் போட்டு, அவள் ஆடுவதற்கான கேம் ரிமோட்டையும் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தான். இவள் செருப்பைக் கழற்றும்வரைகூட அவனுக்குப் பொறுக்கவில்லை.

"காரியத்தையே கெடுத்துட்ட அருணா. அவசரம், எல்லாத்துலயும் அவசரம். மேனேஜர் புது ஆளு, அவருகிட்டப் போயி சொல்லி என்னா ஆவப்போவுது? அடுத்த மாசம் பெங்களூர்லருந்து ஜி.எம். வராரு. எல்லாத்தையும் அவருகிட்ட நேரா சொல்லலாம்னு மனசுல வெச்சிகினு இருந்தேன்."

அருணா அவனையே பார்த்தாள். கத்த வேண்டும் என்று வந்தது, அது போன இடம் தெரியவில்லை. இந்த ஆள்மேல் செலவு பண்ணக் கோபம்கூட மிச்சமில்லை.

"வரட்டும்" என்றாள். "ஜி.எம். வர்றன்னிக்கு நீங்க எங்க நின்னு சொல்லுவீங்க? கேட்டுக்கு வெளிய நின்னுகினா?"

அட்டை இல்லாதவனை வாட்ச்மேன் உள்ளே விட மாட்டான் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. பக்கத்தில் கிடந்த ரிமோட்டை அவள் பெட்டியிலிருந்து பிடுங்கி, வயரைச் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் போட்டாள். டிவியில் அவளுடைய கத்திக்காரி அசையாமல் நின்றாள். முதல் ஆள் வந்து ஒரு வெட்டு வெட்டியதும் விழுந்துவிட்டாள்.

"நாளைக்கு நான் கம்பெனிக்குப் போனப்பறம் சிலிண்டர்காரன் வருவான்" என்றாள் அருணா. "காலியானதத் தூக்கி வெளிய வையுங்க. இல்ல, அதுக்கும் அடுத்த மாசம் யாராவது வர்றாங்களா?"