இருபத்திரண்டு அலமாரிகள்

மூன்று மாடிக் கட்டடம் ஒன்றைக் கண் மருத்துவமனையாக மாற்றும் வேலை. அதற்குத் திட்ட மேலாளர் என்ற பதவி அவளுக்குக் கிடைத்து நான்கு மாதம் ஆகிறது. எட்டு வருடம் அதே நிறுவனத்தில் குனிந்து வரைபடம் வரைந்தபோதெல்லாம் வலிக்காத இடுப்பு இப்போது விட்டுப்போகிற மாதிரி வலித்தது.

புதன்கிழமை தோறும், மருத்துவமனையைத் திறக்கப்போகும் டாக்டரம்மா முன்னால், வேலை எடுத்தவர்கள் எல்லோரும் கூடும் கூட்டம். அட்டவணையில் ஒவ்வொரு வேலைக்கு எதிரேயும் அவள் ஒரு நிறம் போட வேண்டும். நேரத்துக்கு நடந்தால் பச்சை, தடுமாறினால் மஞ்சள், தேதி தவறும் என்றால் சிவப்பு. மர வேலைக்கு நேரே மூன்று வாரமாகப் பச்சை.

மர வேலையை எடுத்திருந்தவர் அவளுடைய சொந்த அண்ணன். சிபாரிசில் வந்ததல்ல, அவள் பதவிக்கு வருமுன்பே, அவர் கைச்சுத்தம் பார்த்து முதலாளி கொடுத்தது.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. "எல்லாம் சரிதானே?" என்று யார் கேட்டாலும் "சரிதான்" என்றே பதில் வரும். காய்ச்சல் நூற்று மூன்றில் கொதித்தபோதும் அப்பா அதைத்தான் சொன்னார். தன் கஷ்டத்தை ஊர் முன்னால் கடை பரப்பாத குடும்பம். அதற்காகத் தலைநிமிர்ந்து நடப்பதில் தவறில்லை. அந்த வழக்கத்தை வேலைக்கும் கொண்டுவந்ததுதான் அவள் செய்த பிழை. செவ்வாய் தோறும் ஃபோன் செய்து, "எல்லாம் சரிதானே அண்ணா?" என்பாள். "சரிதான் பாப்பா" என்பார். மறுநாள் பச்சை. பட்டறைக்குப் போய்ப் பார்ப்பது அண்ணனைச் சந்தேகப்படுவதாகிவிடும் என்று போகவில்லை.

நான்காவது செவ்வாயன்று எலக்ட்ரீஷியன் அவளைப் படிக்கட்டில் மடக்கினார்.

"என்ன மேடம், உங்க அட்டவணை பச்சைப் பசேல்னு இருக்கு? நாலு மாட்டை அவுத்து விட்டா வயிறார மேயும். மேல வந்து பாருங்க, அலமாரி வர வேண்டிய சுவரெல்லாம் மொட்டையா நிக்குது. பிளக்கை நான் எங்க வைக்கிறது, என் தலையிலயா?"

அவள் நேரே பட்டறைக்குப் போனாள். இருபத்திரண்டு அலமாரி இருக்க வேண்டிய இடத்தில் ஏழு நின்றன. பின்னால் ஓரம் ஊதிப்போன பலகைகள் குவிந்து கிடந்தன. புருவத்தில் மரத்தூளோடு அண்ணன் நிமிர்ந்தார்.

"கூரை ஒழுகி, பதினஞ்சு அலமாரிக்கு அறுத்து வெச்ச பலகை மொத்தமும் போச்சு. மறுபடி முதல்லேர்ந்து செய்யறேன்."

"எப்போ ஒழுகிச்சு?"

"மூணு வாரம் ஆச்சு."

"ஏண்ணா சொல்லல?"

"சரிதானேன்னு கேட்ட. சரிதான்னேன். வேற என்ன சொல்லுவேன்?"

அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. "மிச்சம் முடிக்க எத்தனை நாளாகும்?"

அவர் உளியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "பத்தொன்பது."

திறப்புக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. முதல் வாரத்திலேயே நாற்பது பேருக்குக் கண் அறுவைக்குத் தேதி கொடுத்தாகிவிட்டது.

"நாளைக்கும் பச்சையே போடு பாப்பா. எப்படியாவது முடிச்சிடறேன். நீயே சிவப்பு போட்டா, டாக்டரம்மா முன்னால நம்ம அப்பா பேரு என்ன ஆகும்?"

மறுநாள் அவள் சிவப்பு போட்டாள்.

"மூணு வாரமா நான் போட்ட பச்சை தப்பு. போய்ப் பார்க்காம போட்டேன்" என்றாள். அண்ணன் பெயரை அவள் எடுக்கவில்லை.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நாற்பது பேருக்கு நான் என்னம்மா பதில் சொல்றது?"

கடைசி நாற்காலியிலிருந்து அண்ணன் எழுந்தார். முதுகு மட்டும் வளையவில்லை.

"ஏழு ஆச்சுங்க. பதினஞ்சு பாக்கி. ஒத்தையா செஞ்சா பத்தொன்பது நாள். இன்னும் ரெண்டு தச்சர் கிடைச்சா பதினொண்ணு."

பிறரிடம் கைமாற்றாக ஓர் ஆணிகூடக் கேட்டறியாதவர் அவர்.

"அட, இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?" என்று எலக்ட்ரீஷியன் தொடையில் தட்டினார். "என் மச்சானும் அவன் கூட்டாளியும் உளியை வெச்சுக்கிட்டு ஈ ஓட்டறாங்க. நாளைக்கே இழுத்துட்டு வரேன்."

தேதியை டாக்டரம்மா மாற்றவில்லை. ஆனால் முதல் மூன்று நாளில் வரவேண்டிய பதினேழு பேரை அடுத்த வாரத்துக்குத் தள்ளினார். "நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்க" என்றார். அவள் பதினேழு முறை மன்னிப்புக் கேட்டாள். பதினோராவது ஆள் ஒரு தாத்தா; காது வேறு கேட்கவில்லை. அவரிடம் மட்டும் நான்கு முறை.

அன்றிலிருந்து தினமும் ஃபோனில் "எத்தனை அண்ணா?" என்று கேட்டாள். "ஒன்பது, மேடம்." "பன்னெண்டு, மேடம்." அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. அந்த 'மேடம்' ஒவ்வொரு நாளும் சுருக்கென்று குத்தியது.

ஏழாம் நாள், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு மேலாளர்களை முதலாளி அவளிடம் அனுப்பினார், ஏதாவது புத்தி சொல்லச் சொல்லி. உட்கார்ந்த நாற்காலியை விட்டு அவள் எழவில்லை.

"சரிதானேன்னு கேக்காதீங்க. எத்தனைன்னு கேளுங்க. அப்புறம் நேர்ல போய் எண்ணுங்க."

"சொந்தக்காரங்களா இருந்தா?" என்று சிரித்தான் ஒருவன். அவனுக்கு விஷயம் எட்டியிருந்தது.

"ரெண்டு தடவை எண்ணுங்க."

பதினோராம் நாள் சாயங்காலம் அவள் கேட்குமுன்பே அண்ணன் ஃபோன் செய்தார்.

"இருபத்திரண்டு."

அவள் அட்டவணையைப் பிரித்தாள்.

"என் பேச்சை நம்பி எழுதாத. வந்து எண்ணிப் பார்த்துட்டு எழுது, பாப்பா."

கால் கெஞ்சியது. அவள் மருத்துவமனையின் மூன்று மாடியும் ஏறி, சுவரில் பொருத்தியிருந்த ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து மூடி எண்ணினாள். அண்ணன் பின்னாலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தார்.