ஔவுக்கு ஒரு படப்புத்தகம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் எங்கள் தெரு நூலகத்தில், சின்னக் குழந்தைகளுக்கு வாரம் ஓர் எழுத்து என்று கதை படித்துக் காட்டும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். அணில், ஆடு, இலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படப்புத்தகம் கிடைத்துக்கொண்டே வந்தது. ஔ வந்ததும் அலமாரி கையை விரித்துவிட்டது. இதில் என்னைவிட மோசமாக மாட்டிக்கொண்ட ஒருத்தி இருந்தால் தேவலை என்று தோன்றியது. ஆறுதலுக்குத்தான். அப்படித்தான் மாரக்காளை உண்டாக்கினேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "காவிரியில் வெள்ளம் வடிந்த அந்த இளங்காலையில், இளம் ஆசிரியை மாரக்காளின் கண்களில்..."

வேண்டாம். கண்களில் என்ன இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. நேராகச் சொல்கிறேன்.

ஆண்டு 1936. ஊர் பரமத்தி வேலூர். மாரக்காளுக்கு இருபத்து மூன்று வயது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கொடிக்காலுக்கு வெற்றிலை கிள்ளப் போகும் தாய்மார்கள் கைப்பிள்ளையை மூத்த மகளின் இடுப்பில் ஏற்றிவிட்டுப் போவார்கள். அந்த மகள்கள் படிப்பை விட்டு வீட்டில் நின்றுகொள்வார்கள். பத்து வயது அத்தாயி அப்படி நின்றவள். கணக்கில் புலி.

மாரக்காள் அவள் வீட்டுக்கே போனாள்.

"தம்பியையும் தூக்கிட்டு வந்துரு சாமி. அவனெ நான் பாத்துக்கறேன்."

"அழுவானுங் டீச்சர்."

"அழுதா அழுவட்டும். நீ வா."

ஒரே மாதத்தில், அத்தாயியின் தம்பி பச்சமுத்துவோடு சேர்த்துப் பதினான்கு வாண்டுகள் பள்ளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தன. தலைமையாசிரியர் சென்றாயனுக்குத் தூக்கம் போயிற்று.

"பதிவுல பேரில்லாத புள்ளைங்க. இன்ஸ்பெக்டிரஸ் அம்மா வந்து ஏன்னு கேட்டா, அன்னைக்கே எல்லாத்தையும் ஊட்டுக்கு அனுப்பிருவேனுங்க. அக்காளுகளும் கூடவே போயிரும். பாத்துக்குங்க."

வாண்டுகள் சத்தம் போடாமல் உட்கார ஒரு வழி வேண்டும். வாரத்துக்கு ஓர் எழுத்து, அதற்கொரு படப்புத்தகம், வாரம் முழுக்க அதே கதை என்று மாரக்காள் தொடங்கினாள்.

3

புத்தகம் பொறுக்குவதில் அவள் பொல்லாதவள். வாரச் சந்தையில் பஞ்சாங்கத்தோடு படப்புத்தகமும் பரப்பி விற்ற அன்வர் பாட்சா திணறிப்போனார்.

"இதென்னுங்க பாய், 'அ'வுக்கு அன்னம்? எங்க புள்ளைங்க எங்கீங்க அன்னத்தப் பாத்துதுக?"

"படம் அழகா இருக்குதுங்களே டீச்சரம்மா."

"அணில் போட்டதக் குடுங்க. அது ஓடும், ஒளியும், கொய்யாக்காயக் கடிக்கும். கதை தானா வரும்."

படம் பெரிதாக இருக்க வேண்டும்; பிள்ளை கண்ணால் கண்டதாக இருக்க வேண்டும்; பக்கம் புரளும்போது பிள்ளைக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் சட்டம். ஈ வாரத்தில் பதினான்கும் பறந்தன. ஓணான் வாரத்தில் பதினான்கும் தலையாட்டின.

[பாய்க்கு அவள்மேல் ஒரு பிரியம் என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். அவருக்கு அறுபது வயது. வீட்டில் மஸ்தான் பீவி இருக்கிறார். பத்தியை அடித்துவிட்டேன்.]

ஔ வந்தது. பாயிடம் இருந்தவை இரண்டே புத்தகங்கள். ஒன்றில், எல்லாரும் எதிர்பார்க்கும் அந்தக் கம்பூன்றிய மூதாட்டியின் பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. இன்னொன்றில் 'ஔடதம்'. ஒரு சீசா, பக்கத்தில் ஒரு பாலாடை.*

"மருந்துதானுங்களே. நல்லதுதானுங்க," என்றார் பாய்.

மாரக்காளுக்கு மனசு ஒப்பவில்லை. வேறு வழியும் இல்லை. எடுத்துக்கொண்டாள்.

* குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்குக் கிண்ணம். பேதிக்கு எண்ணெய் புகட்டுவதும் அதில்தான். இது படம் வரைந்தவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

4

திங்கட்கிழமை. சொல்லாமல் கொள்ளாமல் சேலத்திலிருந்து இன்ஸ்பெக்டிரஸ் அம்மாள் வந்து இறங்கினார். அந்த நேரம் பார்த்துத்தான் மாரக்காள் பக்கத்தைப் புரட்டினாள்.

பச்சமுத்து படத்தை உற்றுப் பார்த்தான். "வெளக்கெண்ணெ!" என்று வீறிட்டான்.

மூக்கைப் பிடித்துப் புகட்டப்பட்ட அனுபவம் பதினான்குக்கும் உண்டு. பதினான்கும் வாயைத் திறந்தன. வகுப்புக்குள் அத்தாயி சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். சென்றாயன் வெளிறிப்போனார்.

"என்ன இது?" என்றார் இன்ஸ்பெக்டிரஸ் அம்மாள்.

(ஒரு முடிவு: அன்றே எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். அத்தாயி தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல்... இல்லை. எழுதிய கையாலேயே கிழித்தேன்.)

மாரக்காள் புத்தகத்தை மூடினாள். பச்சமுத்துவின் வாய் அகலத் திறந்து, பிறகு மெல்லக் குவிவதைப் பார்த்தாள். அந்த வாயிலிருந்து வந்த ஓசை அவள் காதில் விழுந்தது.

"அப்பிடித்தான் சாமி! பச்சமுத்து எத்தனெ அழகா ஔ சொல்றான் பாருங்க! எல்லாரும் சொல்லுங்க!"

அழுகை திகைத்து நின்றது. "ஔ...?" என்றது ஒரு குரல், சந்தேகமாக.

"இன்னுஞ் சத்தமா!"

கண்ணீரும் சளியுமாகப் பதினான்கும் "ஔ" என்று கூவின. கூவக் கூவச் சிரிப்பு வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டிரஸ் அம்மாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்; தோள் மட்டும் குலுங்கியது. பிறகு வகுப்புக்குள் போய், நின்றுகொண்டிருந்த அத்தாயியிடம் மூன்று கணக்குக் கேட்டார். மூன்றுக்கும் சரியான விடை வந்தது.

"இத்தனை நல்லாப் போடற பொண்ணு, போன வருஷம் ஏன் வரவே இல்லை?"

"தம்பியப் பாத்துக்கிட்டிருந்தேனுங்க."

"இப்போ யார் பாத்துக்கறாங்க?"

"அவனும் படிக்கறானுங்களே."

பள்ளியின் பார்வைப் பதிவேட்டில் அவர் எழுதியது ஒரு வரி: 'தாழ்வாரத்துக் குழந்தைகள் அங்கேயே இருக்கட்டும்.'

சென்றாயன் அதை இரண்டு முறை படித்தார். உள்ளே போய்த் தன் கோரைப்பாயை எடுத்து வந்து தாழ்வாரத்தில் விரித்தார். "வெறுந்தரையில உக்காந்தா சளி புடிக்குமுங்க," என்றார், யாரையும் பார்க்காமல்.

5

இங்கே முடித்திருப்பேன். ஆனால் ஔவுக்கு அடுத்து ஃ நிற்கிறது. அதில் தொடங்கும் சொல்லே அந்தக் காலத்தில் கிடையாது. புத்தகத்துக்கு எங்கே போவது?

அடுத்த சந்தையில் மாரக்காள் கேட்டாள்: "ஒண்ணும் அச்சடிக்காத தாளு இருக்குதுங்களா பாய்?"

பாய் சிரித்துக்கொண்டே ஒன்றை உருவிக் கொடுத்தார். அதில் அவள் மூன்று புள்ளி வைத்தாள். என்ன படமாக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஆகவே தாளை உங்களிடம் தருகிறேன். பதினான்கு பேரும் கோரைப்பாயில் உட்கார்ந்தாயிற்று. முன்வரிசையில் சின்னாயி என்று மூன்று வயதுக்காரி ஒருத்தி ஏற்கெனவே கையைத் தூக்கிவிட்டாள். அந்த மூன்று புள்ளி என்னவாம் என்று அவளையே கேளுங்கள்.